மகரந்தம் இல்லாத தாய்

நெல் பூப்பதைப் பார்க்க வேண்டுமானால் காலை ஒன்பதரை மணிக்கு மேல் வரப்பில் நிற்க வேண்டும். வெயில் ஏறிப் பனி ஈரம் உலர்ந்ததும் கதிரின் மேல்பகுதியிலிருந்து பூக்கள் திறக்கத் தொடங்கும். பின்னாளில் உமி என்று நாம் அழைக்கப்போகும் இரண்டு செதில்களும் மெல்ல விலகும். அவற்றின் அடியில் இருக்கும் இரண்டு நுண்ணிய திசுக்கள் நீரை உறிஞ்சி உப்பி, உள்ளிருந்து அவற்றைத் தள்ளித் திறக்கின்றன. ஆறு மகரந்தத்தாள்கள் மளமளவென்று நீண்டு வெளியே வந்து தொங்கும். மகரந்தப்பைகள் பெரும்பாலும் செதில் விலகும் அந்த நேரத்திலேயே வெடித்துவிடும். இறகுபோல் விரிந்த சூலகமுடியின் மேல் சொந்தப் பூவின் தூளே முதலில் விழுகிறது. மகரந்தத்தூளின் உயிர்ப்பு சில நிமிடங்கள்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பூ மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது திறப்பதே இல்லை.

நூறு நெல்மணிகளை எடுத்தால் தொண்ணூற்றொன்பதுக்குக் குறையாமல் இப்படித் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றவையாக இருக்கும். விவசாயிக்கு இது பெரிய வசதி. பக்கத்து வயலில் எந்த ரகம் நின்றாலும், தன் வயலில் எடுத்து வைத்த விதை அடுத்த ஆண்டும் அதே நெல்லைத் தரும். எத்தனையோ தலைமுறைகளாக நெல் ரகங்கள் பெயர் மாறாமல், குணம் மாறாமல் கைமாறி வந்ததற்கு இந்தத் தன்மகரந்தச் சேர்க்கைதான் காரணம்.

ஆனால் இரண்டு ரகங்களைக் கலந்து, அந்தக் கலப்பின் முதல் தலைமுறையையே வயலில் நட வேண்டும் என்று நினைப்பவருக்கு இதே குணம் சுவராக நிற்கிறது. மரபு வழியில் தூரமான இரண்டு பெற்றோருக்குப் பிறக்கும் முதல் தலைமுறை, பெற்றோர் இருவரையும்விடத் திடமாக வளர்வது உண்டு. இதைக் கலப்பின வீரியம் என்கிறோம். நெல்லிலும் அது உண்டு என்று அமெரிக்காவில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 1926-லேயே எழுதிவிட்டார். மக்காச்சோளத்தில் அந்த வீரியத்தை அறுவடை செய்வது எளிது. ஆண் பூக்கொத்து செடியின் உச்சியில் தனியாக நிற்கிறது, அதைப் பிடுங்கி எறிந்தால் செடி வெறும் பெண்ணாகிவிடும். நெல்லில் ஆணும் பெண்ணும் ஒரே உமிக்குள் இருக்கின்றன. ஒரு பூவின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் நீக்கி, வேறு ரகத்தின் தூளைத் தூவினால் கிடைப்பது ஒரே ஒரு மணி. ஆயிரம் நெல்மணிகள் ஏறக்குறைய 22 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு வேண்டிய 6 கிலோ விதையில் 2,70,000 மணிகள் இருக்கும். ஒரே ஏக்கருக்கு அத்தனை பூக்களைக் கையால் கத்தரிக்க முடியாது.

ஆகவே, பிறவியிலேயே மகரந்தம் இல்லாத, ஆனால் சூல் பழுதில்லாத ஒரு நெற்செடி வேண்டியிருந்தது.

அப்படி ஒரு செடியைத் தேடி வயலில் இறங்கியவர் யுவான் லாங்பிங். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் அன்ஜியாங் என்ற ஊரின் விவசாயப் பள்ளியில் அவர் ஆசிரியர். 1961-இல் பள்ளி வயலில் மற்றவற்றிலிருந்து விலகித் தெரிந்த ஒரு செடியைக் கண்டார். கதிர் பெரிது, மணி கனம். அதன் விதையை மறு ஆண்டு விதைத்தபோது பயிர் ஒரு சீராக வரவில்லை. சில உயரம், சில குட்டை. சில முன்னால் கதிர் தள்ளின, சில பின்தங்கின. வேறொருவர் நல்ல ரகம் கிடைக்கவில்லை என்று விட்டிருப்பார். யுவான் வேறு விதமாக யோசித்தார்: குணங்கள் இப்படிப் பிரிகின்றன என்றால் முந்தைய ஆண்டின் செடி தற்செயலாகப் பிறந்த கலப்பினம், அதன் கம்பீரம் கலப்பின வீரியம். சீனா கடும் பஞ்சத்தில் இருந்த காலம் அது. தன்மகரந்தச் சேர்க்கை செய்யும் நெல்லில் கலப்பின வீரியத்தால் பயன் இல்லை என்பதே அன்றைய பாடநூல் கருத்து. இந்தத் துறையில் நடந்தவற்றிலேயே ஆகப் பெரிய துணிச்சல் என்று நான் கருதுவது, ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் பாடநூலை விட்டுத் தன் வயலை நம்பிய இந்த முடிவைத்தான்.

1964-லும் 1965-லும், நெல் பூக்கும் நாட்களில், பூதக்கண்ணாடியோடு அவர் வயல்வயலாக நடந்தார். வெடிக்காத, வெளிறிச் சுருங்கிய மகரந்தப்பை உள்ள கதிரைத் தேட வேண்டும். ஏறத்தாழ 14,000 கதிர்களைப் பார்த்ததில் ஆறு செடிகள் தேறின. அந்தக் கண்டுபிடிப்பு 1966-இல் சீன அறிவியல் இதழில் கட்டுரையாக வந்தது. ஆனால் ஆண் மலட்டுச் செடி கிடைத்தால் மட்டும் போதாது. தன் மகரந்தம் இல்லாத செடி தன்னைப் போல இன்னொன்றைத் தானாக உண்டாக்க முடியாது. எந்த ரகத்தின் மகரந்தத்தை இட்டால் பிறக்கும் பிள்ளைகள் எல்லாமே மலடாக இருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். யுவானும் உதவியாளர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரகங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆண்டுகள் போயின. சில பிள்ளைகள் மலடு, சில வளம்; முழுவதும் மலடான பரம்பரை அமையவில்லை.

பயிரிடும் நெல்லுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் தவறு, உறவில் தூரமான காட்டு நெல்லுக்குப் போக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1970 நவம்பர் 23 அன்று, தென்கோடித் தீவான ஹைனானில், ஒரு பண்ணையை ஒட்டிய சதுப்பு நிலத்தில், யுவானின் உதவியாளர் லீ பீஹுவும் பண்ணையைச் சேர்ந்த ஃபெங் கேஷானும் பூத்து நின்ற காட்டு நெல்லுக்கு இடையே ஒரு செடியைப் பார்த்தார்கள். மகரந்தப்பைகள் மெலிந்து, வெளிர் மஞ்சளாக, வெடிக்காமல் இருந்தன. வேரோடு பெயர்த்துக்கொண்டு போய் வைத்தார்கள். யுவான் அப்போது பெய்ஜிங்கில் இருந்தார். திரும்பி வந்து நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தார்.

அந்தச் சோதனை எளிமையானது. இன்றும் எந்த நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். மறுநாள் திறக்கப்போகும் பூவிலிருந்து மகரந்தப்பைகளை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி, அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுவார்கள். நல்ல மகரந்தத்தூள் மாவுச்சத்து நிறைந்தது; அயோடின் பட்டதும் உருண்டையாக, கருநீலமாகத் தெரியும். ஹைனான் செடி போன்றவற்றில் தூள்கள் கோணல்மாணலாக, உள்ளே ஒன்றுமில்லாமல், சாயமே ஏறாமல் கிடக்கும். அதே செடியின் சூலகமுடியில் வேறு ரகத்தின் தூளை இட்டால் மணி பிடிக்கிறது. ஆண் பாகம் மட்டும் செத்திருக்கிறது. பெண் பாகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் ஆணுக்கு மட்டும்? இந்தக் கேள்விக்குள் போக, செல்லின் உட்கருவை விட்டு வெளியே வர வேண்டும். ஒரு செல்லின் மரபணுக்கள் பெரும்பாலும் உட்கருவில், குரோமோசோம்களில் இருக்கின்றன. அவற்றில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. ஆனால் உட்கருவைச் சூழ்ந்திருக்கும் சைட்டோபிளாசத்தில் மைட்டோகாண்ட்ரியாக்கள் உள்ளன. செல்லுக்கு ஆற்றல் தரும் இந்த உறுப்புகளுக்குச் சொந்தமாகச் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு. நெல்லில் அது தாய் வழியாக மட்டுமே இறங்குகிறது. சூல் செல் தன் சைட்டோபிளாசத்தோடு பிள்ளைக்குப் போகிறது. மகரந்தம் உட்கருவை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது.

இதன் விளைவைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவுக்கு மகரந்தம் முட்டுச்சந்து; அந்த வழியில் அடுத்த தலைமுறைக்குப் போக முடியாது. ஆகவே மகரந்தத்தைக் கெடுக்கும் ஒரு பிழை அங்கே தோன்றினாலும் அதை இயற்கைத் தேர்வு களைந்துவிடுவதில்லை. மகரந்தம் செய்யும் செலவு மிஞ்சி விதை கூடுதலாகப் பிடித்தால் அந்தப் பிழை பரவவும் செய்யும். உட்கரு மரபணுக்களின் நலன் வேறு. அவை மகரந்தம் வழியாகவும் பயணிப்பவை. எல்லாச் செடியும் மலடானால் அவற்றுக்கும் அழிவு. எனவே உட்கருவில், மைட்டோகாண்ட்ரியாவின் பிழையை அடக்கும் மரபணுக்கள் பரிணாமத்தில் தோன்றின. கெடுப்பது தாய்வழிச் சொத்து, மீட்பது இருவழிச் சொத்து. வீரிய ஒட்டு நெல் எனப்படும் கலப்பின நெல் முழுவதும் இந்தப் பழைய பூசலின் மேல் கட்டப்பட்டது.

இதை வைத்து மூன்று வரிசைகளை அமைக்கிறார்கள். ஏ வரிசை: சைட்டோபிளாசம் கெடுப்பது, உட்கருவில் மீட்கும் மரபணு இல்லை, ஆகவே மகரந்தம் இல்லை. பி வரிசை: உட்கரு ஏ-யின் உட்கருவேதான், ஆனால் சைட்டோபிளாசம் சாதாரணமானது, மகரந்தம் நன்றாக இருக்கும். ஏ-யின் கதிரில் பி-யின் மகரந்தம் விழுந்தால் பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் சைட்டோபிளாசம், மீட்கும் மரபணு இல்லாத உட்கரு. அதாவது மறுபடியும் ஏ. மலட்டுப் பரம்பரையை இப்படித்தான் அணையாமல் காக்கிறார்கள். ஆர் வரிசை: மரபு வழியில் தூரமான வேறொரு ரகம், உட்கருவில் மீட்கும் மரபணு உடையது. ஏ-யின் மேல் ஆர்-இன் மகரந்தம் விழுந்தால் பிறப்பது விவசாயி வாங்கும் வீரிய ஒட்டு விதை. அதற்குள் தாயின் கெடுக்கும் சைட்டோபிளாசம் இருந்தாலும் தந்தை தந்த மரபணு அதை அடக்கிவிடுகிறது. வயலில் மகரந்தம் நிறைந்து, மணி முற்றுகிறது. மீட்கும் மரபணு இல்லாத தந்தையாக இருந்தால் விவசாயியின் வயல் முழுக்கப் பதர்தான்.

ஹைனான் செடியின் நாற்றுகளையும் விதைகளையும் யுவான் தன்னிடமே பூட்டி வைக்கவில்லை. பல மாகாணங்களின் ஆய்வாளர்களுக்குப் பகிர்ந்தார். அவர்கள் அந்தச் செடியைத் தங்கள் ரகங்களோடு சேர்த்து, பிள்ளையை மீண்டும் அதே ரகத்தோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் திருப்பித் திருப்பிக் கலந்தார்கள். ஒவ்வொரு முறையும் காட்டு நெல்லின் உட்கரு மரபணுக்கள் பாதி பாதியாகக் கரைந்தன. கடைசியில் உட்கரு முழுவதும் ஜென்ஷான் 97 போன்ற பயிர் ரகம். சைட்டோபிளாசம் மட்டும் அந்தச் சதுப்பு நிலத்துச் செடி. மீட்கும் வரிசைகள் பல தெற்கே, வெப்ப மண்டல நெல்லில் கிடைத்தன. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.24, ஐ.ஆர்.26 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 1973-இல் மூன்று வரிசைகளும் அமைந்தன. 1976-இல் சீன விவசாயிகள் பரவலாக நடத் தொடங்கினார்கள். சாதாரண ரகங்களைவிட மகசூல் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். 1990-களில் சீனாவின் நெல் பரப்பில் ஏறக்குறைய பாதியை வீரிய ஒட்டு நெல் பிடித்திருந்தது.

அந்தச் சைட்டோபிளாசத்தை டபிள்யூ.ஏ. வகை என்கிறார்கள். அந்த வகையைச் சேர்ந்த எந்த வீரிய ஒட்டு நெல்லை எடுத்தாலும், அது சீனாவில் விளைந்தாலும் உத்தரப் பிரதேசத்தில் விளைந்தாலும், அதன் ஒவ்வொரு செல்லிலும் இருப்பது 1970-இல் ஹைனானில் வேரோடு பெயர்த்த அந்த ஒற்றைச் செடியின் மைட்டோகாண்ட்ரியா.

அந்த மைட்டோகாண்ட்ரியா மகரந்தத்தை எப்படிக் கொல்கிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. கோடிக்கணக்கானோர் அந்த அரிசியை உண்டுகொண்டிருந்தார்கள். காரணம் 2013-இல்தான் வெளிவந்தது. குவாங்ஜோவில் உள்ள தென்சீன வேளாண் பல்கலைக்கழகத்தில் லியு யாவ்குவாங் குழுவினர், டபிள்யூ.ஏ.352 என்ற மரபணுவை அந்த மைட்டோகாண்ட்ரியாவில் அடையாளம் கண்டார்கள். காட்டு நெல்லின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. உடைந்து, வெவ்வேறு துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டதில் பிறந்த புது மரபணு அது. 352 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை உண்டாக்குகிறது; பெயரில் உள்ள எண் அதுதான்.

கொலை நடக்கும் இடம் மகரந்தத்தூள் அல்ல. மகரந்தப்பையின் உட்சுவரில் டபீட்டம் என்ற ஒரு செல் அடுக்கு இருக்கிறது. வளரும் மகரந்தத்துக்கு ஊட்டம் தருவது அதன் வேலை. வேலை முடிந்ததும் அந்தச் செல்கள் ஒழுங்காக மடிந்து, தம்மையே மகரந்தத்துக்கு உணவாக்கிவிடும். அந்த மரணத்துக்கு ஒரு நேரம் உண்டு. டபிள்யூ.ஏ.352 புரதம், உட்கரு அனுப்பும் காக்ஸ் 11 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. காக்ஸ் 11-க்குப் பல வேலைகள். அவற்றில் ஒன்று, செல்லுக்குள் சேரும் பெராக்சைடு நச்சைக் குறைத்து வைப்பது. அது முடங்கியதும் நச்சு பெருகி, டபீட்டம் தன் நேரத்துக்கு வெகு முன்பே, மகரந்தத் தாய்ச்செல்கள் பிரியத் தொடங்கும் கட்டத்திலேயே, மடியத் தொடங்குகிறது. ஊட்டும் செல் முந்திக்கொண்டு செத்ததால் மகரந்தம் பட்டினியில் சுருங்குகிறது.

அப்படியானால் இலையும் வேரும் ஏன் நலமாக இருக்கின்றன? அந்த மைட்டோகாண்ட்ரியாதானே செடி முழுவதும்? இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது இதற்கான விடைதான். மரபணுவின் ஆர்.என்.ஏ. செடியின் எல்லாப் பாகங்களிலும் உருவாகிறது. புரதமோ குறிப்பாக டபீட்டத்தில், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் திரள்கிறது. செடிக்கு வேறெங்கும் தொந்தரவு இல்லை. விதை உற்பத்தியாளருக்கு இதைவிட வாகான பழுது கிடைக்காது.

மீட்கும் மரபணுக்கள் இரண்டு: முதல் குரோமோசோமில் ஆர்.எஃப்.3, பத்தாவதில் ஆர்.எஃப்.4. இவற்றில் ஆர்.எஃப்.4 எப்படி வேலை செய்கிறது என்பது 2014-இல் தெளிவானது. அது பி.பி.ஆர். என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. விலங்குகளில் இந்தக் குடும்பம் மிகச் சிறியது. நெல்லில் 400-க்கும் மேல். ஒரே மாதிரியான மடிப்புகள் வரிசையாக அடுக்கிய நீண்ட புரதங்கள் இவை. ஒவ்வொரு மடிப்பும் ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தைத் தொட்டு அறியும். உட்கருவில் பிறந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, தனக்குரிய ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பற்றும். ஆர்.எஃப்.4 இருந்தால் டபிள்யூ.ஏ.352-இன் ஆர்.என்.ஏ. அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆர்.எஃப்.3 அந்த ஆர்.என்.ஏ.வைத் தொடுவதில்லை; ஆனாலும் புரதம் சேராமல் செய்துவிடுகிறது.

டபிள்யூ.ஏ. ஒன்றே வழி அல்ல. ஹைனான் செடிக்குச் சில ஆண்டுகள் முன்பே, ஜப்பானின் சோயு ஷின்ஜியோ, வங்காளத்தின் சின்சுரா போரோ என்ற நெல்லின் சைட்டோபிளாசத்தில் ஜப்பானிகா வகை நெல்லின் உட்கருவை ஏற்றி ஆண் மலட்டு வரிசை உண்டாக்கியிருந்தார். அங்கே கெடுக்கும் மரபணு வேறு, கெடுக்கும் கட்டமும் வேறு. டபிள்யூ.ஏ. வகையில் மகரந்தத்தின் விதியை எழுதுவது தாய்ச்செடியின் டபீட்டம். அதில் மீட்கும் மரபணு ஒன்று இருந்தாலே அத்தனை தூளும் பிழைக்கும். வங்காள வகையில் ஒவ்வொரு மகரந்தத்தூளும் தன் விதியைத் தானே எழுதுகிறது. மீட்கும் மரபணு கிடைத்த பாதித் தூள் பிழைக்கும், கிடைக்காத பாதி சாகும். அயோடினில் பார்த்தால் வீரிய ஒட்டுச் செடியில் பாதிதான் கருக்கும். ஆனாலும் மணி குறைவதில்லை. ஒரு சூலுக்கு ஒரு தூள் போதும், பாதி அழிந்தாலும் வேண்டிய அளவுக்கு மேலேயே மிஞ்சுகிறது.

இத்தனை மரபியலும் கடைசியில் வயலில் ஒரு கயிற்றில் வந்து நிற்கிறது. இந்தியாவின் வீரிய ஒட்டு நெல் விதையில் பெரும்பங்கு தெலங்கானாவின் கரீம்நகர், வாரங்கல் பகுதிகளில் உற்பத்தியாகிறது. அங்கே ஆண் வரிசையும் பெண் வரிசையும் பட்டை பட்டையாக நிற்கும். இரண்டு வரி ஆணுக்கு எட்டு வரி பெண் என்பது போல. இரண்டும் ஒரே நாளில் பூக்க வேண்டும். வயது வேறுபட்டால், பின்தங்குவதை முன்னால் விதைத்துச் சரிக்கட்ட வேண்டும். சில நாள் பிசகினாலும் விதை போயிற்று. டபிள்யூ.ஏ. பெண் வரிசைகளுக்கு ஒரு குறை உண்டு: கதிர் முழுவதும் வெளியே வராது, அடிப்பகுதி கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே சிக்கி நிற்கும். ஜிப்ரலிக் அமிலம் தெளித்துத்தான் அதை வெளியே கொண்டுவருகிறார்கள். பூத் திறக்கும் முற்பகல் வேளையில் இரண்டு பேர் எதிரெதிர் வரப்பில் நின்று, நீளக் கயிற்றை ஆண் வரிகளின் மேல் இழுத்துக்கொண்டே நடக்கிறார்கள். கதிர்கள் அசைந்து தூள் மேகமாக எழும்பிப் பெண் வரிகளின் மேல் இறங்குகிறது. பூ முடியும்வரை தினமும், அரைமணிக்கு ஒரு தடவையாக, இந்த வேலை நடக்கும். இடையில் கலவன் செடிகளைப் பிடுங்க வேண்டும். பெண் வரியில் ஒரே ஒரு பி செடி நின்றாலும் அக்கம்பக்கத்தில் பிடிக்கும் விதை கெட்டுவிடும். வீரிய ஒட்டு விதையின் விலைக்கு இந்த உழைப்பே முதற்காரணம்.

ஒரே செடியின் மைட்டோகாண்ட்ரியாவை இவ்வளவு பரப்பில் வைத்திருப்பது சரியா? 1970-இல், ஹைனானில் அந்தச் செடி அகப்பட்ட அதே ஆண்டில், அமெரிக்க மக்காச்சோள வயல்கள் இதற்கு விடை சொல்லின. அங்கே பூக்கொத்தைப் பிடுங்கும் கூலியை மிச்சம் பிடிக்க, டெக்சாஸ் வகை என்ற ஒரே ஆண் மலட்டுச் சைட்டோபிளாசத்தை நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 85 சதவீதத்துக்குள் ஏற்றியிருந்தார்கள். மகரந்தத்தைக் கெடுத்த அதே மைட்டோகாண்ட்ரியா புரதம், இலைக்கருகல் பூசணத்தின் நச்சுக்கு வாசலாக அமைந்துவிட்டது. ஒரே பருவத்தில் நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதம் போயிற்று. நெல்லில் அப்படி ஒரு பேரழிவு இதுவரை நேரவில்லை. நேரவில்லை என்பதால் நேராது என்று இருந்துவிட முடியாது. வூஹான் பல்கலைக்கழகத்தின் ஜு யிங்குவோ சிவப்புக்கூர் காட்டு நெல்லிலிருந்து உருவாக்கிய ஹோங்லியான் வகை போன்ற மாற்றுச் சைட்டோபிளாசங்கள் கைவசம் உள்ளன. அவற்றை இன்னும் அகலமாகப் பயன்படுத்தாதது, எளிய வழி கிடைத்த பிறகு மற்ற வழிகளை மறக்கும் பழக்கம்தான்.

மூன்று வரிசைக்குப் பதில் இரண்டே போதும் என்ற வழியும் சீனாவில்தான் பிறந்தது. 1973-இல் ஹூபெய் மாகாணத்தில் ஷி மிங்சோங் என்பவர் நோங்கென் 58 என்ற நெல் வயலில் விசித்திரமான செடிகளைக் கண்டார். கோடையின் நீண்ட பகலில் பூத்தால் மலடு. பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் பூத்தால் வளம். பி வரிசையே தேவையில்லை. குறுகிய பகலில் தானே விதை பிடிக்கும், நீண்ட பகலில் அதையே தாயாக வைத்துக் கலப்பினம் செய்யலாம். இங்கே மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேலை இல்லை. பன்னிரண்டாம் குரோமோசோமில், புரதம் எதையும் செய்யாத ஒரு நீண்ட ஆர்.என்.ஏ.வுக்குரிய பகுதியில், ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதே காரணம் என்று 2012-இல் வூஹானின் ஜாங் சிஃபா குழுவினர் காட்டினார்கள். வெப்பத்துக்கு இசைந்து மலடாகும் வேறொரு செடியும் 1980-களின் இறுதியில் அன்ஜியாங்கில் அகப்பட்டது. ஆர்.என்.ஏ.வைத் துண்டித்துச் சீராக்கும் ஒரு நொதி அதில் பழுது. சூடு கூடினால் மலடு, குறைந்தால் வளம்.

வெப்பத்தை நம்பி விதை செய்வதன் ஆபத்து 1989-லேயே தெரிந்தது. அந்தக் கோடையில் எதிர்பாராத குளிர் வந்தது. மலடாக நின்றிருக்க வேண்டிய தாய் வரிசைகள் மகரந்தம் பிடித்துத் தாமே கருவுற்றன. கலப்பின விதையோடு தாய் விதை கலந்துபோனது. இரண்டு வரிசை முறையையே கைவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 23.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்தாலும் மலட்டுத்தன்மை கலையாத வரிசைகளை மட்டுமே இனி ஏற்பது என்று யுவான் வரம்பு வகுத்தார். அந்த வரம்பே முறையைக் காப்பாற்றியது.

தமிழ்நாட்டில் பகல் நீளத்தை நம்ப வழியில்லை. நில நடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அதிகம் போனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். வூஹானில் நான்கு மணி நேரம். வெப்ப வேறுபாடு மட்டும் நம்மிடம் உண்டு, அதற்குப் பருவம் மாறக் காத்திருக்கவும் வேண்டாம். மலை ஏறினால் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெப்பத்துக்கு இசையும் மலட்டு வரிசைகளுக்கு நீலகிரியின் கூடலூரைப் பயன்படுத்துவது இதனால்தான். குளிரில் அவை தானே விதை பிடிக்கும். சமவெளியின் சூட்டில் தாயாகும். மூன்று வரிசை முறையில் நம் மாநிலத்தின் முதல் வீரிய ஒட்டு நெல் கோ.ஆர்.எச். 1, இந்தியாவின் முதல் சில ஒட்டுகளோடு 1994-இல் வந்தது. பிறகு ஏ.டி.டி.ஆர்.எச். 1, கோ.ஆர்.எச். 2 வந்தன; இவை இரண்டுக்கும் தாய் ஒன்றே, டபிள்யூ.ஏ. சைட்டோபிளாசம் கொண்ட ஐ.ஆர்.58025ஏ.

சீனாவில் நடந்தது இந்தியா முழுவதும் நடக்கவில்லை. கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் விவசாயிகள் வீரிய ஒட்டு நெல்லை ஏற்றார்கள். தெற்கே அது ஓரமாகவே நிற்கிறது. தொடக்கக் கால ஒட்டுகளின் சோறு ஒட்டியது, சிலவற்றில் நமக்குப் பழக்கமில்லாத வாசனை இருந்தது. உதிரியான சோறு கேட்கும் தென்னிந்தியச் சந்தையில் நெல்லுக்கு விலை குறைந்தது. ஒவ்வொரு போகமும் விதை வாங்க வேண்டிய செலவு வேறு. மகசூலை மட்டும் எண்ணி, சட்டியில் வெந்த பிறகு அது எப்படி இருக்கும் என்பதைப் பின்னுக்குத் தள்ளியது பெரிய பிழை. அண்மைக்கால ஒட்டுகளில் அந்தப் பிழை பெருமளவு திருத்தப்பட்டிருக்கிறது.

விதைச் செலவுக்கும் ஒரு தீர்வு ஆய்வகத்தில் உருவாகிவருகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினரும், சீனாவில் வாங் கேஜியான் குழுவினரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வுகளில், நெல் தன் விதையைத் தன் அச்சாகவே உண்டாக்கும்படி செய்தார்கள். மரபணுக்களைக் கலைத்து அடுக்கும் குன்றல் பிரிவை நிறுத்தி, தந்தையின் மரபணுப் பங்கு இல்லாமலே கரு உருவாகச் செய்வது அந்த வழி. 2022-இல் இதே வழியில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட விதைகள் தாயின் நகலாகப் பிறந்தன. இது வயலுக்கு வந்தால் விவசாயி வீரிய ஒட்டு விதையைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏ, பி, ஆர் எதுவும் வேண்டியிருக்காது.

இன்னும் அது வயலுக்கு வரவில்லை. இன்று கடையில் வாங்கும் வீரிய ஒட்டு நெல்லின் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைத்தால், 1962-இல் யுவான் அன்ஜியாங்கில் பார்த்ததே உங்கள் வயலிலும் நடக்கும்: சில உயரம், சில குட்டை, சில முன்னால் முற்றும், சில பின்னால், மீட்கும் மரபணு வந்து சேராத செடிகளில் பதரும் இருக்கும். ஆகவே அந்த நெல்லைச் சோற்றுக்கோ விற்பனைக்கோ வையுங்கள், விதைக்கு வைக்காதீர்கள். விதையைச் சொந்தமாக எடுத்து வைக்கத்தான் வேண்டும் என்றால், தன்மகரந்தத்தால் குணம் மாறாமல் வரும் நல்ல ரகங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன, அவற்றை நடுங்கள்.